முப்பத்தெட்டுத் தாள்கள்

காலையில் ராஜகுமாரி கல்லூரிக்கு வந்துபோனதிலிருந்து ஆசிரியை ஜாய்லினுக்குச் சோறு இறங்கவில்லை.

வந்தவள் சண்டைக்கு வந்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். "எங்க வீட்டுக்காரருக்குக் காதுல ஒரே இரைச்சலா இருக்குங்காரு, டீச்சர். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டா, 'போன வருசம் டீச்சரே மிசினு வச்சுப் பாத்து நல்லாருக்குன்னு எழுதித் தந்துட்டாங்க, நீ சும்மா கெட'ங்காரு. இன்னொரு தடவ பாத்துச் சொல்லுங்களேன். நீங்க சொன்னா கேப்பாரு" என்று கும்பிட்டுவிட்டுப் போனாள்.

ஜாய்லின் அவள் கணவர் மருதப்பனின் காதைப் பார்க்கவே இல்லை.

விசைத்தறித் தொழிலாளர் நூறு பேரின் செவித்திறன் பற்றிய ஆய்வு அது. முதல் நாள் நூறு பேரிடமும் கையெழுத்து வாங்கினாள். சோதனை எப்படி நடக்கும் என்று காட்டுவதற்காக மருதப்பன் காதில் ஹெட்போனை மாட்டிக் கழற்றினாள். அதையே அவர் சோதனை என்று நம்பிவிட்டார். அறுபத்திரண்டு பேரைப் பார்த்து முடித்தபோது ஆடித்தபசுத் திருவிழாவுக்காகத் தறிகள் நின்றன. ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்பக் கடைசி நாளும் அதே வாரம். மிச்சமிருந்த முப்பத்தெட்டுத் தாள்களையும் வீட்டில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அவளே நிரப்பினாள். இங்கே ஐந்து டெசிபல் கூட்டினாள், அங்கே ஐந்து குறைத்தாள். எல்லாருக்கும் நல்லதாகத்தானே எழுதினோம் என்று மனதைச் சமாதானம் செய்துகொண்டாள். கட்டுரை வெளிவந்ததும் ஆளுக்கொரு சீட்டில் முடிவை எழுதிக் கொடுத்தாள்.

ஒரு வருடமாக ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். மருதப்பனிடம் கேட்கத்தான் தோன்றவில்லை.

அன்று மத்தியானமே தறிக்கூடத்துக்குப் போனாள்.

"வாங்க டீச்சர்! உங்களையும் அலைய விட்டுட்டாளா, கிறுக்கி?" என்று மருதப்பன் உரத்த குரலில் வரவேற்றார்.

"அண்ணாச்சி, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்."

"என்னது?" தன்னுடைய இரண்டு தறிகளையும் நிறுத்தினார். "இப்பம் சொல்லுங்க."

சொன்னாள்.

"சத்தத்துல ஒண்ணும் கேக்கல. ஏலே ரிபாயி, நிறுத்துலே! எல்லாரும் நிறுத்துங்கலே!"

ஒவ்வொன்றாகத் தறிகள் அடங்கின. தெருவில் போகிற பஸ்ஸின் ஹாரன்கூடத் துல்லியமாகக் கேட்டது. ஜாய்லின் தலையைக் குனிந்துகொண்டு மூன்றாவது முறையாகச் சொன்னாள்.

மருதப்பன் காதருகே கையைக் குவித்தார். "கேக்கல டீச்சர்" என்று சிரித்தார். சொன்ன பிறகுதான் அந்த நிசப்தம் அவருக்கு உறைத்தது. சிரிப்பு மறைந்தது.

ஜாய்லின் நிமிர்ந்தாள். இருபது பேர் பார்த்திருக்க, கத்தினாள்.

"உங்க காத நான் பாக்கவே இல்ல, அண்ணாச்சி! நல்லாருக்குன்னு நானா எழுதினேன்! முப்பத்தெட்டுப் பேருக்கு அப்படி எழுதினேன்!"

"அப்பம் என் சீட்டு?" என்றான் ரிபாயி.

"அதுவும் பொய்தான்."

"நல்ல டீச்சரு! பரிச்சையில காப்பி அடிச்சா பிள்ளையள வெளிய அனுப்புவீயளே?"

ஜாய்லின் மருதப்பன் பக்கம் திரும்பி அதே குரலில் கத்தினாள். "கட்டுரைய எடுத்திரச் சொல்லி இன்னைக்கே எழுதுதேன். காலேஜ்லயும் சொல்லிருதேன். நாளைக்கு நானே உங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன், அண்ணாச்சி."

மருதப்பன் காதைத் தேய்த்துக்கொண்டே நின்றார். "ஒரு வருசம்..." என்று தொடங்கியவர் முடிக்கவில்லை. பிறகு கேட்டார்: "வேலை போயிருமா, டீச்சர்?"

"போனாலும் போகும்!"

அதைக் கத்திச் சொன்னபோது அவள் குரல் உடைந்தது. அந்த நிசப்தத்தில் அவள் விசும்பல் கூடம் முழுக்கக் கேட்டது. மருதப்பன் அவளைப் பார்த்தார். வேடிக்கை பார்த்தவர்களையும் பார்த்தார்.

"என்னலே பார்வை? தறியை ஓட்டுங்கலே!"

ஒவ்வொன்றாகத் தறிகள் ஓடத் தொடங்கின. இரைச்சல் எழுந்து அவளுடைய அழுகையை மூடிக்கொண்டது. மருதப்பன் தன் தறிகளை மட்டும் ஓட்டாமல், அவள் அழுது முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜாய்லின், ரிபாயியிடமும் மன்னிப்புக் கேட்க அவன் தறியருகே போனாள்.