தமிழ் வராது என்று சொன்னவள்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து வந்தது. பொய் என்னுடையது. போன மாதம் ஒரு காலையில், தில்லியில், கரோல் பாக் மெட்ரோ நடைமேடையில் சொன்னேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘ஜ்யோத்ஸ்னா தன் வாயிலிருந்து வந்ததைத் தானே கேட்டுத் திடுக்கிட்டு—’

(அடித்துவிட்டேன். ஜ்யோத்ஸ்னா என்று யாரும் இல்லை. நான் வசுமதி. கரோல் பாக்கிலேயே பிறந்தவள். தமிழில் கதை எழுதுகிறவள்.)

2

நடைமேடையில் ஒரு அம்மாள். கையில் ஒரு ஆஸ்பத்திரிச் சீட்டு. எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் தமிழிலேயே வழி கேட்டுக்கொண்டிருந்தாள். என் பக்கத்தில் நின்ற இரண்டு இளைஞர்கள் அவள் பேச்சைப் பழித்துக்காட்டிச் சிரித்தார்கள். அவள் நேராக என்னிடம் வந்தாள்.

“நீங்க தமிழா?”

“முஜே தமில் நஹீ ஆத்தீ” என்றேன். எனக்குத் தமிழ் வராது.

வாய் முந்திக்கொண்டது. சொன்ன பிறகு நானே அதிர்ந்தேன். அவள் தலையாட்டிவிட்டு நகர்ந்தாள். நான் வண்டியில் ஏறிவிட்டேன்.

[வெட்கப்பட்டேன் என்று மட்டும் எழுதினால் உங்களுக்கு என்னைப் பிடிக்கும். ஆனால் அந்த இருவரும் வண்டிக்குள் எனக்கு இடம்விட்டு நின்றபோது சுகமாகவும் இருந்தது.]

3

அடுத்த நிலையத்தில் இறங்கித் திரும்பி வந்தேன். அவள் அங்கேயே நின்றிருந்தாள். “எந்த ஆஸ்பத்திரிம்மா?” என்று தமிழில் கேட்டேன். என்னை உற்றுப் பார்த்தாள். சீட்டை நீட்டினாள்.

பெயர் இந்திராணி. கட்டட வேலைக்கு வந்த கணவர் பரமசிவம் சாரத்திலிருந்து விழுந்துவிட்டார். அன்று ஆபரேஷன். ஆட்டோவில் போனோம். வார்டு வாசலில் அவளை உள்ளே விடவில்லை. என் இந்தியில் சண்டை போட்டேன். நீ யார் என்று நர்ஸ் கேட்டாள்.

“பஹன் ஹூன்.” அவளுடைய சகோதரி.

இதையும் வாய்தான் சொன்னது. இது பொய்யாகவே தோன்றவில்லை என்பதில் மறுபடி அதிர்ந்தேன்.

4

மதியம் டாக்டர் வந்து, உயிருக்குப் பயமில்லை என்றார். இந்திராணி அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“காலைல ஏன் அப்படிச் சொன்னீங்க?”

அவசரத்துல— (இல்லை.) அந்தப் பசங்களுக்குப் பயந்து— (பாதி உண்மை.) கடைசியில் சொன்னது இது:

“அந்த நிமிஷம் உங்க ஆளா இருக்க எனக்குப் பிடிக்கலை. இப்பப் பிடிச்சிருக்கு. ரெண்டும் நெஜந்தான்.”

அவள் பதில் சொன்னாள். ஒரே ஒரு வாக்கியம். அதை எழுதினால், என்னை மன்னித்தாளா இல்லையா என்று தெரிந்துவிடும். எதுவானாலும் எனக்குள் இருக்கும் ஒருத்தி தப்பித்துக்கொள்வாள். அதனால் எழுதவில்லை. தமிழ் வராது என்றவள், சகோதரி என்றவள், இரண்டு பேரும் இங்கேயே இருக்கட்டும். நீங்கள் இவர்களில் யாரிடம் பேச நினைக்கிறீர்களோ, பேசுங்கள்.