சுவரின் உச்சியில் வெர்னா

அயோவாவில் சோளக்காட்டு நடுவே இருக்கும் சின்னக் கல்லூரி எங்களுடையது. கட்டண வசூலும் உதவித்தொகை விண்ணப்பங்களும் என் ஒருவன் பொறுப்பு. அதற்கு மேல் ஆள் வைக்கக் கட்டுப்படியாகாது.

அந்த மார்ச்சில் அரசாங்கம் ஏழை மாணவர்களுக்கான உதவித்தொகையை ஆண்டுக்கு அறுநூறு டாலர் கூட்டியது. வெர்னா ஹல்வர்சனுக்கு நான்தான் செய்தி சொன்னேன். வெர்னா பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். நாற்பத்திமூன்று வயதில் நர்ஸ் படிப்பில் சேர்ந்தவள். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, ஓட்டுநரின் மஞ்சள் சட்டையோடே வகுப்புக்கு வருவாள். உதவித்தொகை இல்லையென்றால் எங்கள் வாசலை மிதித்திருக்கவே மாட்டாள். சந்தோஷத்தில் மறுநாள் எனக்கு ஆப்பிள் கேக் செய்து கொண்டுவந்தாள்.

மூன்று வாரத்தில், கட்டணம் அறுநூறு டாலர் உயர்கிறது என்ற கடிதத்தையும் நான்தான் அனுப்பினேன்.

கடிதத்தோடு நேரே என்னிடம் வந்தாள்.

"கிளெம், என் கேக்கைத் திருப்பிக் குடு."

"சாப்பிட்டுட்டேனே வெர்னா."

"எல்லாத்தையும் சாப்பிட்டுட்டுதான் உக்காந்திருக்கீங்க. அதுவும் சரியா அறுநூறு! ஒரு அம்பது டாலர் குறைச்சு எடுத்து, சும்மா நடிக்கக்கூடத் தோணலையா? அப்படி எதுக்குப்பா அந்தக் காசு?"

"உடற்பயிற்சிக் கூடத்துல, பசங்க கயிறு கட்டிக்கிட்டு ஏறி விளையாடுற சுவர் கட்டியிருக்காங்க. நாப்பதடி."

"அப்ப என் காசு அங்கதான் இருக்கு. போய்ப் பாத்துட்டு வர்றேன்."

வெள்ளிக்கிழமை சுவர் திறப்பு விழா. உள்ளூர்ப் பத்திரிகைக்காரரும் வந்திருந்தார். கல்லூரித் தலைவர் டாக்டர் தேயர், புகைப்படத்துக்காகவே, ஏறுபவர் விழாமல் கீழே நின்று கயிறு பிடிக்க ஒருநாள் பயிற்சி எடுத்திருந்தார். முதலில் ஏறுவது யார் என்று அவர் கேட்டதும் மாணவர்கள் ஒருவரையொருவர் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார்கள். வெர்னா முன்னால் வந்து இடுப்பில் கயிற்றை மாட்டிக்கொண்டாள். மூச்சு வாங்க, முனகிக்கொண்டே, உச்சி விளிம்பில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். எல்லோரும் கைதட்டினோம்.

"சார், கயித்தக் கெட்டியாப் பிடிச்சிருக்கீங்கல்ல?"

"பிடிச்சிருக்கேன், பிடிச்சிருக்கேன். இறங்கி வாங்க."

"விட்டுடாதீங்க. ஒரு சந்தேகம். அரசாங்கம் எனக்குக் குடுத்த அறுநூற நீங்க ஏன் எடுத்துக்கிட்டீங்க?"

தேயர் சுற்றிலும் பார்த்தார். கயிற்றை விட்டுவிட்டு நழுவவும் முடியாது.

"எடுத்துக்கலை மேடம். படிப்போட தரத்த உயர்த்துறோம்."

"ஆமா, நாப்பதடி உயர்ந்திருக்கு. எங்க வகுப்புல ஊசி போட்டுப் பழகுற நோயாளி பொம்மைக்கு இடது கை இல்ல சார்! ரெண்டு வருஷமா!"

கூடமே சிரித்தது. தேயரின் காதுகள் சிவந்துவிட்டன. அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

"பக்கத்து ஊர் காலேஜுல நீச்சல்குளம் வெச்சிருக்கான்! பசங்க எல்லாம் அங்க ஓடுறாங்க! ஆளே வரலைன்னா உங்க வாத்தியாருக்கு நான் எப்படிச் சம்பளம் குடுக்கிறது?"

வெர்னா விளிம்பிலிருந்து குனிந்து அவரைப் பார்த்தாள்.

"நிஜமாவா சார்?"

"நிஜமாத்தான்!"

"அதையே கடிதத்துல எழுதியிருக்கலாமே. இவ்வளவு தூரம் ஏறியிருக்க மாட்டேன்." சொல்லிவிட்டு, இறங்காமல் காலை ஆட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

"ஏற்கெனவே படிக்கிறவங்களுக்குக் கட்டணத்த ஏத்தலை! போதுமா? கை கடுக்குது, இறங்கும்மா!"

அடுத்த நாள் அந்த வாக்கு பத்திரிகையின் முதல் பக்கத்தில் வந்துவிட்டதால், அவரால் அதை விழுங்க முடியவில்லை. பொம்மைக்குக் கையும் வாங்கிப் போட்டார்கள். விட்ட பணத்தை ஈடுகட்டப் புதிதாகச் சேர்பவர்களுக்குத் தொள்ளாயிரம் ஏற்றினார்கள்.

வெர்னாவைக் கூப்பிட்டு, அவளுக்குப் பழைய கட்டணமே என்றும் புதியவர்களுக்குத்தான் தொள்ளாயிரம் கூடுதல் என்றும் சொன்னேன். மேசையைத் தட்டிச் சிரித்தாள். சட்டென்று சிரிப்பு நின்றது.

"கிளெம், ஆகஸ்ட்ல என் பொண்ணு இங்கதான் சேர்றா."

உதவித்தொகை விண்ணப்பம் ஒன்றை எடுத்து நீட்டினேன். முறைத்துக்கொண்டே வாங்கி, என் பேனாவையும் பிடுங்கிக்கொண்டு, மகளின் பெயரை எழுத ஆரம்பித்தாள்.