பழகாத ஷூ

1

அறுநூற்று எண்பத்தைந்து ரூபாய். எப்சிபா டீச்சருக்கு நான் தர வேண்டியது அவ்வளவுதான். இந்தக் கதை அந்தக் கடனிலிருந்துதான் வந்தது. வேறு எங்கிருந்தோ வந்ததாகச் சொன்னால் பொய்.

நான் தேயிலைத் தோட்டத்தில் கவாத்து வெட்டுகிறவன். வயசான செடியின் தலையைச் சீவி, மறுபடி துளிர்க்க விடுகிற வேலை. எழுத்துப் படித்தது நாற்பத்தாறாவது வயதில். வரி எங்கேயாவது கோணினால் பொறுத்துக்கொள்ளுங்கள். (எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த கோமதி இதை அடிக்கச் சொன்னது. "ஆரம்பத்துலயே மன்னிப்புக் கேட்டா, பின்னால கேக்கறதுக்கு என்னண்ணே மிச்சம் இருக்கும்?" நியாயம்தான். அடிக்க மனசு வரவில்லை.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: மலையில் மூடுபனி இறங்கிக்கொண்டிருந்த ஒரு

நிறுத்திவிட்டேன். பனி இறங்கியது உண்மை. அதற்கும் நடந்ததற்கும் சம்பந்தமில்லை.

இரண்டாவது: மாரீஸ்வரி என்று ஒரு பெண் இருந்தாள். அவள் என் மகள். இப்போதும் இருக்கிறாள், ஒரு ரிசார்ட்டில் வேலை பார்க்கிறாள். "இருந்தாள்" என்று எழுதியதும் கை நின்றுவிட்டது. அதையும் விட்டேன்.

மூன்றாவது, பள்ளிக்கூடத்தில் நடந்த பெற்றோர் கூட்டம். இதுதான் சரியான தொடக்கம். எனக்கு அவமானம் என்பதால் கடைசியாக வந்திருக்கிறது.

ஆறு வருஷம் முன்னால். மாரீஸ்வரி எட்டாம் வகுப்பு. கால அட்டவணையில் உடற்கல்விக்கு இத்தனை பீரியட் என்று வாசித்தார்கள். நான் எழுந்து, அதையும் கணக்குக்கே கொடுத்துவிடலாமே என்றேன். "ஆடறதுக்கு எதுக்கு சார் பீரியடு? எங்க பிள்ளைக தெனமும் மலை ஏறி எறங்குதுக. அது பத்தாதா?"

எல்லாரும் சிரித்தார்கள். என் பேச்சுக்கு ஒரு கூட்டம் சிரித்தது அதுதான் முதல் தடவை. நன்றாக இருந்தது.

பின்வரிசையில் விசிலைக் கழுத்தில் போட்டுக்கொண்டு எப்சிபா டீச்சர் நின்றார். (முதலில் "புன்னகையோடு நின்றார்" என்று எழுதியிருந்தேன். சிரித்தாரா? நான் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. எடுத்துவிட்டேன்.)

"ஏறி எறங்குறது வேலை, அண்ணாச்சி," என்றார். "எப்படி ஓடணும், எப்ப நிக்கணும், காலை எப்படிப் பாத்துக்கணும்னு ஒண்ணு இருக்குல்ல. அது பாடம். அதுக்குப் புஸ்தகமே இருக்கு."

"ஓடறதுக்குப் புஸ்தகமா?" என்றேன். மறுபடியும் சிரிப்பு.

"உங்க மகளைக் கேளுங்க. அவளுக்கு மனப்பாடம்."

3

அந்த மகளைத்தான் உபஜில்லா போட்டியில், அதாவது சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கெல்லாம் சேர்த்து நடத்துகிற போட்டியில், எண்ணூறு மீட்டர் ஓடத் தேர்ந்தெடுத்தார். மூன்று வாரம் இருந்தது. ஒரு சாயங்காலம் தோட்டத்து லயத்தில் இருக்கிற எங்கள் வீட்டுக்கே வந்து ஷூ டப்பாவைக் கொடுத்தார். இதைப் போட்டுக்கொண்டே பழகட்டும் என்றார். இனாமாக வேண்டாம் என்றேன். பில்லைக் கேட்டு வாங்கி, போனஸ் வந்ததும் தருவதாகச் சொன்னேன். அவரும் தினச்சம்பளத்துக்கு வேலை பார்க்கிற டீச்சர்தான் என்பது எனக்கு அப்போது தெரியாது.

அவர் போனதும் ஷூவைத் தகரப்பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.

இந்த இடத்தில் நான் யாரென்று வாசிக்கிறவருக்குப் புரிய வேண்டும். நான் கெட்டவனில்லை. காசு கொடுக்காத பொருள் நம்முடையதில்லை என்பது என் எண்ணம். போனஸ் வராமல் போனால் தேயாமல் திருப்பிக் கொடுக்கலாம். வந்தால், போட்டியன்று பிள்ளை புதுசாகப் போட்டுக்கொண்டு நிற்பாள். இரண்டு பக்கமும் சரியாக வருவதாகத்தான் பட்டது.

"சாமி நகையா அது, பூட்டி வைக்க?" என்றாள் என் மனைவி குருவம்மாள்.

மாரீஸ்வரி ஒரே ஒரு தடவை கேட்டாள். "போட்டுப் பழகணும்னு டீச்சர் சொன்னாகப்பா."

"செருப்புல பழகறதுக்கு என்ன இருக்கு?" என்றேன். அவள் பிறகு கேட்கவில்லை. மூன்று வாரமும் மைதானத்தில் வெறுங்காலோடு ஓடினாள். டீச்சர் கேட்டபோது, ஷூ அழுக்காகிவிடும் என்று வீட்டில் போட்டுப் பழகுவதாகச் சொல்லியிருக்கிறாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

(அடிக்குறிப்பு போல ஒன்று: கவாத்துக் கத்திக்குப் புதுப் பிடி போட்டால் நேராக மலைக்குக் கொண்டுபோக மாட்டேன். கண்ணாடிச் சில்லால் சுரண்டி, எண்ணெய் தடவி, நாலைந்து நாள் வீட்டு விறகை வெட்டிக் கைக்குப் பழக்குவேன். இல்லையென்றால் முதல் நாளே உள்ளங்கை கொப்பளித்துவிடும். இது எனக்கு இருபது வயதிலேயே தெரியும். இதை எந்த இடத்தில் வைப்பது என்று தெரியாமல் இங்கே வைத்திருக்கிறேன்.)

4

போட்டியன்று ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போனேன். போனஸ் இன்னும் வரவில்லை; ஆனாலும் பிள்ளை புதுசாகப் போட்டு நிற்கட்டும் என்று ஷூவைப் பிளாஸ்டிக் பையில் எடுத்துப் போயிருந்தேன். டீச்சர் மைதானத்தின் அந்தப் பக்கம், நீளம் தாண்டும் குழியருகே நின்றார்.

"வெறுங்கால்லயே ஓடுதேன்பா. அதுதான் பழகியிருக்கு."

"ஒரு நாள் கூலிய விட்டுட்டுத் தூக்கிட்டு வந்திருக்கேன். வாங்கிக் குடுத்தவுக பாத்தா என்ன நெனைப்பாக? போடு."

போட்டாள். நான்தான் கயிற்றை இறுக்கிக் கட்டினேன்.

சின்ன மைதானம், நாலு சுற்று. முதல் சுற்றிலும் இரண்டாவதிலும் அவள்தான் முன்னால். மூன்றாவதில் காலைச் சாய்த்துச் சாய்த்து வைத்தாள். ஒருத்தி தாண்டினாள். இன்னொருத்தி. அப்புறம் மாரீஸ்வரி

உட்கார்ந்துவிட்டாள்.

டீச்சர் ஓடிவந்து ஷூவைக் கழற்றினார். இரண்டு குதிகாலிலும் தோல் உரிந்து, சாக்ஸ் ரத்தத்தோடு ஒட்டியிருந்தது. ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சின்னதா எடுத்துட்டேனோ," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மாரீஸ்வரி என்னை ஒரு தடவை பார்த்தாள். அப்புறம், "ஒண்ணுமில்ல டீச்சர்," என்றாள். நான் காலிப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அதன் பிறகு அவள் ஓடவில்லை. மறு வருஷம் டீச்சருக்கு அங்கே வேலை நீட்டிக்கவில்லை. கோபாலபுரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார். கடன் நின்றுபோனது. போனஸ் வந்த வருஷமும் எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

5

எழுத்துக் கூட்டத் தெரிந்ததும் கோமதி வீட்டிலிருக்கிற எதையாவது வாசிக்கச் சொன்னது. கைக்குக் கிடைத்தது மாரீஸ்வரியின் பழைய நோட்டு. சுகாதாரம், உடற்கல்வி, எட்டாம் வகுப்பு. ஒரு பக்கத்துக்கு ஒரு சாயங்காலம் ஆனது. நாலாம் நாள் இந்த வரி வந்தது:

"புதிய காலணியைப் போட்டிக்கு முன் பல நாட்கள் அணிந்து பழக வேண்டும். இல்லையெனில் குதிகாலில் கொப்புளம் உண்டாகும்."

அடியில் சிவப்பு மையில் கோடு. மேலே தேதி. போட்டிக்குப் பதினோரு நாள் முன்னால்.

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் நான் கட்டிவிடும்போது காலை நீட்டியிருக்கிறாள்.

6

வேறு முடிவுகளையும் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவள் வெறுங்காலோடு ஓடி ஜெயிக்கிறாள். நாலு தடவை எழுதினேன். ஒவ்வொரு தடவையும் ஜெயித்த பிள்ளை கூட்டத்தில் என்னைத் தேடிப் பார்க்கிறாள். நான் ஷூவோடு பையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அந்தப் பையை என்ன செய்வதென்று தெரியவில்லை.

இன்னொன்றில் அவள் என்னை வாய்க்கு வந்தபடி திட்டுகிறாள். அது எனக்கு ஆறுதலாக இருந்தது. அதனாலேயே கிழித்துவிட்டேன்.

7

போன வாரம் பணத்தை எடுத்து வைத்துக்கொண்டு டீச்சருக்குப் போன் செய்தேன். நேரில் வந்து தருகிறேன் என்றேன்.

"மாரீஸ்வரி போன வருஷமே அனுப்பிட்டாளே, அண்ணாச்சி. மொத சம்பளம்னு சொன்னா. உங்ககிட்ட சொல்லலையா?"

"சொன்னா, சொன்னா," என்றேன். சொல்லவில்லை.

"எனக்கு அதை வாங்கவே மனசு இல்ல. வீட்டுல மூணு வாரம் போட்டுப் பழகுனா. அப்படியும் கால் உரிஞ்சிருக்குன்னா நான்தான் சைஸ் பாக்காம வாங்கிட்டேன். இப்பவும் எந்தப் பிள்ளைக்கு ஷூ எடுத்தாலும் அது நெஞ்சுல வந்து நிக்குது."

இந்த இடத்தில் நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். "நல்லா இருங்க டீச்சர்," என்று சொல்லிப் போனை வைத்தேன். அன்றைக்குத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

பணம் தீர்ந்துவிட்டது. நான் தீர்க்கவில்லை. பில்லில் என் மகள் பெயரை எழுதி, அந்த ஷூ டப்பாவில் வைத்துவிட்டேன்.

முடிவு எனக்குத் தெரியாது. டீச்சர், இதை முதலில் உங்களுக்குத்தான் அனுப்புகிறேன். வாசித்துவிட்டு நீங்கள் கோபப்படலாம். மாரீஸ்வரியைக் கூப்பிட்டுப் பேசலாம். பேசாமலும் இருக்கலாம். எதைச் செய்தாலும் அதுவே இந்தக் கதையின் முடிவு.

அந்த மூன்று வாரமும் ஷூ ஒரு நாள்கூடப் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. ஐந்தாம் நம்பர். நீங்கள் எடுத்த சைஸ் சரியாகத்தான் இருந்தது.