நாயகன் பெயர் நாகநாதன்

பழிவாங்க அரிவாள் வேண்டும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. என்னிடம் இருந்தது பேனா, அதுவும் மை கசியும் பேனா. ஆகவே நான் சரசக் கதை எழுதப் போனேன்.

பழிவாங்க வேண்டிய ஆள் கீழத்தெரு நாகநாதன். கண்மாய்க்குக் கீழே நல்ல நிலம், ஒரு வில்லுவண்டி, இடது காதில் மட்டும் ஒரு சிவப்புக்கல் கடுக்கன். 1955 ஆவணியில் என் அக்காள் சண்முகவள்ளிக்குப் பரிசம் போட்டார். ஐப்பசியில், மண்டபம் ஊரில் இரண்டு லாரி வைத்திருந்த ஒரு வீடு அவருக்குப் பெண் கொடுக்க முன்வந்தது. லாரியைப் பார்த்தபின் பரிசத்தை முறிக்க ஒரு காரணம் தேவைப்பட்டது. அபிராமம் டீக்கடையில் உட்கார்ந்து, "அந்தப் பிள்ள நடத்தை சரியில்ல" என்றார். நாலே வார்த்தை. அதற்குப் பிறகு மூன்று வருடம் எங்கள் வீட்டு வாசலில் பெண் கேட்டு ஒரு செருப்புக்கூடக் கழற்றப்படவில்லை.

அய்யா அன்றைக்கே அரிவாளைத் தீட்டினார். தீட்டிய அரிவாளால் கருவேல மரம் வெட்டினார். குடும்பத்தின் மானத்தை மீட்கும் பொறுப்பு, மூன்று வருடம் கழித்து, மதுரையில் பி.ஏ. இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்த பால்சாமியாகிய என் தலையில் விழுந்தது. யாரும் வைக்கவில்லை. நானே எடுத்து வைத்துக்கொண்டேன்.

ராமநாதபுரத்தில் வாவு முகம்மது என்பவர் அச்சகம் வைத்திருந்தார். முன்கட்டில் கல்யாணப் பத்திரிகை ஓடும். பின்கட்டில், கல்யாணத்துக்குப் பிறகு நடப்பவற்றைப் பற்றிய குட்டிப் புத்தகங்கள் ஓடும். ஆசிரியர் பெயர் இருக்காது. கொழும்புக்குக் கப்பலேறப் போகிறவர்களை மண்டபத்தில் அம்மைக்குப் பயந்து சில நாள் முகாமில் நிறுத்தி வைப்பார்கள். வேறு வேலையில்லாத அந்த மனிதர்கள்தாம் அவருடைய முக்கிய வாசகர்கள். எங்கள் மாவட்டத்தில் இலக்கியத்துக்கு அவ்வளவு அமைதியான கூட்டம் வேறெங்கும் கிடையாது.

நான் கொண்டுபோன 'சோளக்கொல்லை சொர்க்கம்' கைப்பிரதியை அவர் ஒரே மூச்சில் படித்தார். அந்த விஷயத்தில் எனக்கு இருந்த அனுபவமெல்லாம் அறைத்தோழனுடைய விலங்கியல் பாடப் புத்தகத்தின் பதினோராம் அத்தியாயம்தான். தவளையை நாயகியாக்குவதற்குக் கொஞ்சம் சிரமப்பட்டிருந்தேன்.

"கதை கெடக்கட்டும் தம்பி. பேருதான் யாவாரம்" என்றார் வாவு முகம்மது. "நாயகி பேரு, வாசிக்கிறவன் வீட்டுல இருக்கப்படாது. ஆசையாப் பொஸ்தகத்தத் தொறக்கான். மொதப் பக்கத்துலயே முருகம்மாள்னு இருக்கு. அவன் ஆத்தா பேரு. என்ன செய்வான்? பொத்துனாப்புல மூடி வச்சிட்டுத் துண்ணூறு பூசிட்டுப் போயிருவான்."

"அப்ப அம்மன் பேரே கூடாதா?"

"அம்மன் பேரு, ஆத்து பேரு, பாட்டி பேரு ஒண்ணும் கூடாது. இந்தச் சீமையில எவன் வீட்டுலயும் இல்லாத பேரா இருக்கணும். இந்தா, நோட்டு." ஒரு பழைய நோட்டை நீட்டினார். அதில் மோகனாங்கி, ரதிரூபி, மதனமாலா என்று இதுவரை பிறக்காத பெண்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. பயன்படுத்தியவற்றை அடித்திருந்தார். நான் 'வனமோகினி'யை எடுத்துக்கொண்டேன்.

"நாயகனுக்குச் சேகர்னு போட்ருவோம். பட்டணத்துப் பேரு. இங்கன ஒருத்தன் கெடையாது."

"நாயகன் பெயர் நாகநாதன்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நயினார்கோவில் சாமி பேரு தம்பி அது. உங்க சாமி, எனக்கொண்ணுமில்ல. ஆனா நம்ம பக்கத்துல எத்தன நாகநாதன் இருக்கான்? அம்புட்டுப் பேரும் என்ட்ட சண்டைக்கு வரவா?"

"வரமாட்டார்கள். இடது காதில் ஒற்றைச் சிவப்புக்கல் கடுக்கன், கீழத்தெரு, வில்லுவண்டி என்று எழுதியிருக்கிறேன். ஒருத்தர்தான் வருவார்."

"ஓ, அப்படியாப்பட்ட கதையா" என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அல்லா பொதுவானவன். போடுவோம்."

இத்தகைய புத்தகங்களில் நாயகன் சிங்கமாக இருக்க வேண்டும் என்பது மரபு. என் நாகநாதனுக்கு, வனமோகினியின் பக்கத்தில் போன மாத்திரத்தில் விக்கல் வந்துவிடும். ஒன்பது அத்தியாயத்திலும் போவார், ஒன்பது தடவையும் விக்குவார். கடைசியில் அவள் ஒரு சொம்புத் தண்ணீரைக் கையில் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். படிக்கிறவனுக்கு ஆசை நிறைவேறாது. ஆனால் எனக்கு நிறைவேறியது.

புத்தகம் வந்ததும் இருபது பிரதியை அபிராமம் சந்தையில் கயிறும் சாம்பிராணியும் விற்கும் ஆளிடம் சேர்த்துவிட்டு, நல்ல பிள்ளையாக மதுரைக்குப் போய்ப் பாடம் படித்தேன்.

ஆடி மாதம் முளைப்பாரிக்காக ஊருக்கு வந்தேன். அபிராமத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது டீக்கடை வாசலில் பத்துப் பேர் கூடியிருந்தார்கள். நடுவில் டீக்கடை மூக்கையா என் ஐந்தாம் அத்தியாயத்தை உரக்க வாசித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு விக்கலுக்கும் கூட்டம் தொடையைத் தட்டிச் சிரித்தது. ஓர் எழுத்தாளனுக்கு இதைவிட என்ன வேண்டும் என்று ஒரு டீ சொன்னேன்.

"நாகநாதன் சரிப்பா. கடுக்கன் வரைக்கும் எழுதியிருக்கான். அந்த வனமோகினி யாரு?" என்றான் ஒருவன்.

"அட கூறுகெட்டவனே" என்றார் மூக்கையா. "ஆம்பள பேரு நெசம், ஊரு நெசம், வண்டி நெசம். பொம்பளைக்கு மட்டும் ஒலகத்துல இல்லாத பேரு வச்சிருக்கான்னா என்ன அர்த்தம்? இருக்கிறவள மறைக்கான்னு அர்த்தம். அந்தாளு யாருக்குப் பரிசம் போட்டாரு?"

யாரோ மெதுவாக இருமினார்கள். நான் நிற்பதைப் பார்த்து மூக்கையா புத்தகத்தை மடியில் செருகிக்கொண்டு, "வாங்க தம்பி, பரீட்சையெல்லாம் நல்லாருக்கா?" என்றார். வந்த டீயை நான் குடிக்கவில்லை.

ஊருக்குப் போகும் இரண்டு மைலும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாகநாதன் சொன்னது நாலு வார்த்தை. நான் எழுதியது தொண்ணூற்றாறு பக்கம். அவர் டீக்கடைக்குச் சொன்னதை நான் மண்டபம் முகாம் வழியாகக் கொழும்புவரை அனுப்பியிருந்தேன்.

வீட்டில் அய்யாவும் அம்மாவும் வயலுக்குப் போயிருந்தார்கள். அக்காள் முளைப்பாரிக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் உள்ளே போய், தவிட்டுப் பானைக்குள் கையை விட்டு, 'சோளக்கொல்லை சொர்க்க'த்தை எடுத்து என் முன்னால் போட்டாள்.

"ஏலே பால்சாமி, இது நீ எழுதுனதுதான?"

"நானா? நான் கம்பராமாயணம்..."

"பரிசத்தன்னைக்குத் தாம்பாளத்தக் கையில வாங்கயில அவுகளுக்கு விக்கல் எடுத்துச்சு. அறைக்குள்ள இருந்தது அய்யா, ஆத்தா, நான், நீ. அய்யாவுக்குக் கையெழுத்தே வராது. ஆத்தா எழுதியிருந்தா தண்ணிக் கொடத்தையே கொடுத்திருப்பா."

"உனக்காகத்தான் எழுதினேன் அக்கா."

"என்ட்ட கேட்டியா?"

நான் குனிந்து புத்தகத்தை எடுத்தேன்.

"ஊருணிக்குப் போனா தண்ணிய எனக்கு மொண்டு குடுக்காளுக. வனமோகினிக்குக் கை நோகுமாம். அவுக சொன்னத அம்புட்டுப் பேரும் நம்பல. பாதிச் சனம் 'பாவம்'னு சொல்லிக்கிட்டு இருந்துச்சு. அந்தப் பாதியையும் நீ கெடுத்துட்ட. அவுக..."

அவள் சட்டென்று நின்றாள். தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்தாள்.

"ஏலே, அந்தாளு பேர நான் சொல்லி நீ கேட்டிருக்கியா?"

யோசித்துப் பார்த்தேன். கேட்டதில்லை. பரிசம் போட்ட நாளிலிருந்து அவள் 'அவுக' என்றுதான் சொன்னாள். புருஷன் பெயரைப் பெண்டாட்டி சொல்லக் கூடாது என்பது எங்கள் ஊரில் மழையைப் போல, வெயிலைப் போல ஒரு விஷயம். புருஷன் பெயர் வெள்ளைச்சாமி என்றால் வெள்ளாட்டைக்கூட வேறு நிறம் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். பரிசம் முறிந்தபின் 'அவுக'வை விட்டுவிடச் சொல்லி அவளுக்கு யாரும் சொல்லவில்லை. நாக்கு அந்தப் பழக்கத்திலேயே நின்றுபோயிருந்தது.

"மூணு வருசமா ஊருக்கே கேக்க அவுக, இவுகன்னு சொல்லியிருக்கேன்" என்றாள் அக்காள். "பொண்டாட்டி மாதிரி. பெறகு ஊரு நெனைக்காம என்ன செய்யும்?" அவள் முகத்தில் அப்போது வந்த சிரிப்பைப் பார்த்து நான் ஓரடி பின்னால் போனேன். அய்யா அரிவாள் தீட்டியபோதுகூட எனக்கு அப்படிப் பயம் வந்ததில்லை.

அன்றைக்குப் பொழுது சாயும் முன்னே கோயில் முன்னால் முளைப்பாரிக் கும்மி தொடங்கியது. ஒருத்தி அடியெடுத்துக் கொடுப்பாள், வட்டத்தில் இருக்கும் எல்லாரும் அதைத் திருப்பிப் பாட வேண்டும். பாட மறுத்தால் அம்மனுக்குக் கோபம் வரும். நாகநாதன் அந்த வருடம் திருவிழாவை முன்னின்று நடத்தும் தலைக்கட்டு. வேட்டி மடிப்புக் கலையாமல், கடுக்கன் மின்ன, நாட்டாமையோடு கல்மேல் உட்கார்ந்திருந்தார். மண்டபத்திலிருந்து வந்த அவர் மனைவி சேதுலட்சுமி வட்டத்தில் இருந்தாள்.

மூன்றாவது பாட்டுக்கு என் அக்காள் நடுவில் போனாள். மூன்று வருடமாக ஓரத்தில் நின்றவள். கும்மி ஒரு நொடி தடுமாறியது.

"சோளக்கொல்ல வரப்புமேல யாரு போறது? அது
கீழத்தெரு நாகநாதன் விக்கிப் போறது!"

வட்டம் அப்படியே நின்றது. பாட்டைவிட, அந்தப் பெயர் அவள் வாயிலிருந்து வந்ததுதான் காரணம். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வயதான பூமயில் என்பவள்தான் முதலில், "அட, பேரச் சொல்லிட்டா!" என்றாள். "அப்ப இவளுக்கும் அந்தாளுக்கும் ஒண்ணுமில்லடி!" என்று பக்கத்திலிருந்தவள் முதுகில் ஓர் அடி வைத்துவிட்டுப் பாட ஆரம்பித்தாள். பிறகு எல்லாரும் பாடினார்கள். அம்மன் கோபத்துக்குப் பயந்துதான் என்று அப்புறம் சொன்னார்கள்.

"பரிசத்தட்ட வாங்கையிலே யாரு விக்குனா? அந்த
லாரிவீட்டு நாகநாதன் தானே விக்குனான்!"

சேதுலட்சுமியால் மட்டும் பாட முடியவில்லை. கட்டியவள் அந்தப் பெயரை வாயில் எடுக்கக் கூடாது. ஆனால் கை கொட்டுவதற்குத் தடை ஒன்றும் கிடையாது. வாயை இறுக மூடிக்கொண்டு, வட்டத்திலேயே அவள்தான் பலமாகக் கொட்டினாள்.

நாகநாதன் எழுந்து வந்தார். "ஏ புள்ள, யாரு பேர யாரு சொல்றது? மரியாத இல்ல?"

"நாகநாதா" என்றாள் என் அக்காள், வீட்டுக் கன்றைக் கூப்பிடுவதுபோல. "உங்களக் கட்டுனவ சொல்லப்படாது. நான் சொல்லலாம். நூறு தடவ சொல்லுவேன். என் நடத்தையப் பத்தி டீக்கடையில சொன்னீகளே, இங்கன அம்மன் முன்னால சொல்லுங்க நாகநாதன். என்ன பாத்தீக?"

ஊர் முழுக்க அவருக்கு விக்கல் வரும் என்று காத்திருந்தது. வரவில்லை. அவருக்குப் பதிலாகக் கூட்டத்தில் யாரோ ஒரு கிழவி விக்கினாள். பிறகு இன்னொருத்தி. பிறகு அந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்று வட்டமே விக்கியது. நாட்டாமை மீசையைக் கையால் மூடிக்கொண்டார்.

"ஒண்ணும் பாக்கல" என்றார் நாகநாதன் கடைசியில். "சும்மா சொன்னது."

"சத்தமா, நாகநாதன்."

"சும்மா சொன்னதுன்னு சொல்றேன்ல!" என்று கத்திவிட்டு வில்லுவண்டியைக்கூட எடுக்காமல் நடந்தே போனார். அந்த வருடம் முளைப்பாரி கரைக்கும்போது தலைக்கட்டு வரவில்லை. அதற்கப்புறம் எந்த வருடமும் வரவில்லை.

தை பிறந்ததும் கமுதிப் பக்கத்திலிருந்து வேல்சாமி என்பவர் பெண் கேட்டு வந்தார். கும்மியன்று கூட்டத்தில் இருந்தாராம். இப்படிப்பட்ட பெண் வீட்டில் இருந்தால் நாய் வளர்க்க வேண்டியதில்லை என்றார். அய்யாவுக்கு அந்தக் காரணம் பிடித்திருந்தது. அக்காளுக்கு ஆளே பிடித்திருந்தது.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அடுத்த பொஸ்தகம் எப்பலே?"

"சத்தியமாக இனி எழுதமாட்டேன்."

"எழுதுவ. இல்லாட்டி மொதப் பொஸ்தகம் யாரு எழுதுனதுன்னு அய்யாட்ட சொல்லுவேன். அருவா தீட்டித்தான் இருக்கு. கருவேலமும் தீந்துபோச்சு." அவள் குரலில் கோபமே இல்லை. "பேரு நான் சொல்றேன். நாயகன் பேரு பால்சாமி. மதுரையில பி.ஏ. படிக்கான். பேனாவுல மை கசிஞ்சு சட்டப்பை எப்பவும் நீலமா இருக்கும்."

"அக்கா..."

"நாயகிக்கு நோட்டுல இருந்து எதையாச்சும் வை. ஒலகத்துல இல்லாத பேரா. அது எவ வீட்டுப் பிள்ளன்னு ஊரு கண்டுபிடிச்சுக்கிரும். பொண்ணு வச்சிருக்கிற ஒவ்வொரு வீடும் ஒன்னையத் தேடி வரட்டும். என்னையக் கேக்காமச் செஞ்சேல்ல? நான் ஒன்னையக் கேட்டுத்தான் செய்யுறேன். சரியா?"

சரி என்றேன். வேறென்ன சொல்ல?

வாவு முகம்மது பெயரைப் பார்த்துவிட்டு, "நெசமாத்தானா தம்பி?" என்று மூன்று தடவை கேட்டார். 'மல்லாந்த மாணவன்' நாலு பதிப்புப் போனது. மதுரைக்கும் வந்தது, விடுதிக்கும் வந்தது. பேராசிரியர் வருகைப் பதிவேட்டில் என் பெயரை வாசித்ததும் அறுபது பேரும் என் சட்டைப்பையைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் 'உள்ளேன் ஐயா' சொல்லவில்லை. அதற்கப்புறம் ஒரு நாளும் சொல்லவில்லை. அந்த வருடம் வருகை போதாது என்று என்னைப் பரீட்சை எழுத விடவில்லை.