தாசம்மாள் காணிக்கை வைத்த உறக்கம்

1997ஆம் வருட அறுப்பின் பண்டிகையில் தாசம்மாளின் மதிய உறக்கம் ஏலம் போனது. ஒரு நேந்திரங்குலையின் விலைக்குத்தான் போனது. அதற்கு முன்னால் ஒரு பெட்டைக்கோழியும் பின்னால் ஒரு சேனைக்கிழங்கும் போயின. திருவனந்தபுரத்தில் எங்கள் தமிழ்ச் சபையில் இதுதான் வழக்கம். அவரவர் வீட்டில் விளைந்ததில் முதலாவதைக் கொண்டுவந்து பீடத்தின் முன் வைப்பார்கள், ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் ஏலம். விளைச்சல் என்று தாசம்மாளுக்கு என்ன இருக்கிறது? பழவங்காடிக்குப் பின்னால் ஓர் ஓட்டலில் மாவரைக்கிறவள். அவளுடைய வாடகை அறையில் ஒரு கறிவேப்பிலைக் கன்றுகூட வைக்க இடமில்லை. போதகரோ, "மிச்சத்தைக் கொடுக்காதீர்கள், கொடுத்தால் நோக வேண்டும்" என்று அந்த வருடம் பிரசங்கத்துக்குப் பிரசங்கம் சபையைப் போட்டு வாட்டிக்கொண்டிருந்தார். கொடுத்தால் நோகிற பொருள் தன்னிடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்று தாசம்மாளுக்குத் தெரியும். ஓட்டலில் சாப்பாட்டுக் கூட்டம் ஓய்ந்ததும் அரிசி மூட்டைகளுக்கு நடுவே அவள் போடும் உறக்கம். அதைத் துவாலையில் சுற்றிக் கொண்டுவந்து பூசணிக்காய்க்குப் பக்கத்தில் வைத்தாள்.

ஏலம் விடும் செல்லையன் மூட்டையைத் தூக்கிப் பார்த்தார். இளஞ்சூடாக இருந்தது. ஒரு கொட்டாவி விட்டார், சரக்கு அசல்தான் என்று தெரிந்துகொண்டு ஒரு தரம், ரெண்டு தரம் என்று ஆரம்பித்துவிட்டார். ரெண்டு மூன்று பேருக்கு ஆசைதான். ஆனால் சுசீலாபாய் டீச்சர் திரும்பி ஒரு பார்வை பார்த்ததும் அடங்கிவிட்டார்கள். தலைமையாசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற டீச்சர், அன்றுமுதல் கண் மூடியதே இல்லை. அவர் உறங்காதது சபைக்கே உபத்திரவம்; விடியுமுன் எல்லோர் வீட்டுக்கும் போன் போட்டு, ஜெபித்தாயா என்று கேட்பார். அன்று பண்டிகை விருந்தில் பாயசம் குடித்த கையோடு டீச்சர் பெஞ்சில் சாய்ந்து உறங்கிப்போனார். குறட்டை மட்டும் தாசம்மாளுடையது. சபை நன்றியோடு கேட்டுக்கொண்டிருந்தது.

அடுத்த ஞாயிறு டீச்சர் தாசம்மாளைக் கோவில் வாசலில் மறித்தார்.

"உன் உறக்கத்துல ஒரு ஆளு வாறான், கேட்டியா. தினமும் வந்து சம்மணம் போட்டு உக்காந்து, 'ஏட்டி, சாயா எடு'ங்கான். ஹெட்மிஸ்ட்ரஸா இருந்தவள ஏட்டிங்கான்."

தாசம்மாள் முகத்தைத் தாழ்த்திக்கொண்டாள். "வலது காது கொஞ்சம் மடிஞ்சிருக்குமா டீச்சர்?"

"ஆமா."

"அது எங்க வீட்டுக்காரரு."

கட்டட வேலையில் சாரம் சரிந்து செத்துப்போன ஞானதாஸ், ராத்திரிக் கனவில் ஒருநாளும் வந்ததில்லை. அந்த மதிய உறக்கத்தில்தான் வருவார், சாயா கேட்பார், போவார். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. உறக்கத்தோடு அவரையும் சேர்த்தேதான் பீடத்தில் வைத்திருக்கிறாள்.

டீச்சர் பதறிப்போய்த் திருப்பிக் கொடுக்க வந்தார். கமிட்டி கூடியது. ஏலம் போன கோழி முட்டையிட்ட பிறகு திருப்பி வாங்க வகையுண்டா என்று கொஞ்சநேரம் வாக்குவாதம் நடந்தது. போதகர் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார், பாவம், இப்போது அவருக்கு நொந்தது. தாசம்மாளே முடித்து வைத்தாள். "குடுத்தாச்சு அய்யா. திரும்ப வாங்கினா அது காணிக்கையா?" சொல்லிவிட்டு ஓட்டலுக்குப் போய், மூட்டைகளுக்கு நடுவே கண்ணைத் திறந்தபடி படுத்து அழுதாள்.

அதன்பிறகு டீச்சர் தினமும் உறங்கி எழுந்ததும் ஆட்டோ பிடித்து ஓட்டலின் பின்வாசலுக்கு வந்துவிடுவார். ஞானதாஸ் என்ன சொன்னார், சாயாவுக்குச் சீனி போதுமென்றாரா, இருமல் எப்படி என்று ஒன்று விடாமல் ஒப்பிப்பார். தாசம்மாள் பதில் சொல்லி அனுப்புவாள். ஞானதாஸ் 'ஏட்டி'யை விட்டு 'டீச்சரே' என்று கூப்பிடப் பழகுவதற்குள் புதிய நூற்றாண்டு பிறந்துவிட்டது. ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் போகவில்லை. "அவ ஏன் வரல்ல?" என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். "சொல்லாதீங்க டீச்சர். அவரத் தூக்கிக் குடுத்துட்டேன்னு தெரிஞ்சா மனசு விட்டுருவாரு," என்று தாசம்மாள் கெஞ்சினாள். மற்ற எதற்கும் அவள் பயந்ததில்லை, இதற்குப் பயந்தாள். டீச்சரும் 'ஊருக்குப் போயிருக்கிறாள்', 'காய்ச்சல்', 'கல்யாண வீடு' என்று வருடக்கணக்கில் பொய் சொன்னார். ஆயுசிலேயே பொய் சொல்லாத பெண்பிள்ளை, உறக்கத்தில் பொய் சொல்லிச் சொல்லி இளைத்துப்போனார்.

2004இல் ஒரு மதியம் தாங்கமாட்டாமல் உண்மையைச் சொல்லிவிட்டார். அன்று பின்வாசலுக்கு வந்தவர் வழக்கமான ஒப்பிப்பை விட்டுவிட்டு மாவு வாளியை நகர்த்தி வைக்கப் போனார்.

"சொல்லிட்டீங்களா?" என்றாள் தாசம்மாள்.

"சொல்லிட்டேன். சாயா கிளாஸக் கீழ வச்சிட்டான்."

"பின்ன?"

"'கர்த்தருக்கா குடுத்தா? முன்னமே சொல்லியிருந்தா குளிச்சிட்டு வந்திருப்பேம்லா'ன்னான்."

தாசம்மாள் மாவுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அழுகையாகி, மறுபடி சிரிப்பாகித்தான் நின்றது. மறுநாளிலிருந்து டீச்சர் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது அவர் சேலையில் புதுச் சோப்பு மணக்கும். தாசம்மாள் அரைப்பை நிறுத்திவிட்டு வந்து, கொஞ்சநேரம் அவர் பக்கத்தில் நிற்பாள்.