வேதாச்சலம் அரிசியை விட்ட கதை

வேதாச்சலம் சோறு தின்பதை விட்டுவிட்டான் என்ற செய்தி திருப்பதி வேன் ஸ்டாண்டு முழுக்க ஒரே நாளில் பரவிவிட்டது. பரப்பியது வேறு யாரும் இல்லை, அவனேதான். டீக்கடையில் சொன்னான், பஞ்சர் கடையில் சொன்னான், அலிபிரி செக்போஸ்ட் வரிசையில் வண்டி நின்றால் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பக்கத்து வண்டிக்காரனிடமும் சொன்னான். "அரிசியக் கண்ணால பாத்தே நாப்பது நாளாவுதுப்பா! எல்லாம் கேவுரு களிதான்."

நகரிப் பக்கம் நெல் போடுகிற குடும்பத்தில் பிறந்து, நாற்பத்தெட்டு வயதுவரை மூன்று வேளையும் சோற்றில் குழி பறித்துக் குழம்பு ஊற்றித் தின்றவன் அவன். அப்படிப்பட்டவன் சோற்றை விட்டுக் கேழ்வரகுக்கு மாறுவதென்றால் சும்மாவா? பெருமை அடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

பெருமைக்குப் பின்னால் பயமும் இருந்தது. அவன் வேலை பார்த்த டிராவல்ஸின் முதலாளி ஹரிபாபுவுக்கு ஒரு சட்டம் உண்டு. மலை ஏறுகிற வண்டியை ஓட்டுபவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை கண், பிரஷர், மூணு மாசச் சராசரிச் சர்க்கரை எல்லாம் பார்த்து ரிப்போர்ட் கொடுக்க வேண்டும். சித்திரையில் வேதாச்சலத்தின் மூணு மாச சர்க்கரை எட்டு புள்ளி எட்டு என்று வந்தது.

"விநாயக சவிதி வரைக்கும் டைம் இஸ்தானய்யா," என்று விநாயகர் சதுர்த்தி வரை தவணை கொடுத்தார் ஹரிபாபு, தெலுங்கும் தமிழும் கலந்து. "ஏழு புள்ளி அஞ்சுக்குக் கீழ கொண்டா. இல்லன்னா கொண்டமீத, மலைக்குப் போற வண்டி வேற ஆளுக்கு. நீ ரேணிகுண்டா ஏர்போர்ட்டுக்குப் போய் வந்துக்கினு இரு."

ஏர்போர்ட் ரோடு! பத்தொன்பது வருஷமாக மலை ஏறியவனை அந்த நேர்க்கோட்டு ரோட்டில் விட்டால் அவன் என்ன செய்வான்? ஒவ்வொரு வளைவிலும் ஸ்டியரிங்கை ஒடித்து வண்டியைத் திருப்புகிறபோது பின்னால் ஜனங்கள் கோவிந்தா என்று ஒரே குரலில் கத்துவார்களே, அந்த நிமிஷத்தில் அவனைவிடச் சந்தோஷமான ஆள் இரண்டு மாநிலத்திலும் கிடையாது. அதற்காகத்தான் சோற்றை விட்டான்.

நாற்பத்தைந்தாம் நாள், பார்த்துவிடலாமே என்று ஆசையாக லேபுக்குப் போய் ரத்தம் கொடுத்தான். ஒன்பது புள்ளி ஒன்று.

இறங்கவில்லை, ஏறியிருக்கிறது! வேதாச்சலம் லேப் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான்.

உடன் ஓட்டும் பவன்குமார் தோளைத் தட்டினான். "இதுக்கா அண்ணா பேஜார் ஆவுற? தெனம் துன்ற அந்தச் சின்ன மாத்திர கீதுல்ல? டெஸ்டுக்குப் பத்து நாள் முன்னால ரெண்டு ரெண்டா போடு. சக்கர சரசரன்னு எறங்கிடும்."

கேட்பதற்குத் தேன் மாதிரி இருந்தது. மறுநாளே செய்திருப்பான். ஆனால் கைவசம் மாத்திரை தீர்ந்துபோயிருந்தது, சீட்டு எழுதி வாங்க டாக்டர் யாமினியிடம் போக வேண்டியதாயிற்று. போன வாய் சும்மா இருக்குமா? பவன்குமார் சொன்ன யோசனையைத் தன் யோசனை என்றே சொல்லி வைத்தான்.

டாக்டர் பேனாவை மூடினார். "நீங்க என்ன வேலை பார்க்கிறீங்க?"

"மலைக்கு வண்டி ஓட்றம்மா."

"இத்தனை வருஷத்துல இதை ஏன் எங்கிட்ட சொல்லவே இல்லை?"

"நீங்க கேக்கலியேம்மா."

டாக்டருக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. "தப்பு என் மேலயும்தான். இந்த மாத்திரையை அளவுக்கு மேல போட்டா சர்க்கரை திடீர்னு கீழே போயிடும். கை நடுங்கும், கண்ணு மங்கும், சில பேருக்கு நினைவே தப்பும். வளைவுல வண்டி திரும்பும்போது அது நடந்தா? அதோட, இது மூணு மாச சராசரி. பத்து நாள் வேஷம் போட்டா அதை ஏமாத்த முடியாது."

வேதாச்சலத்தின் கண்முன் ஒரு வளைவும் அதற்குக் கீழே இருக்கும் பள்ளமும் வந்து நின்றன. பின் சீட்டில் பன்னிரண்டு பேர்.

"இப்ப இன்னாம்மா பண்றது?"

"வழி இருக்கு. இன்சுலின் ஆரம்பிக்கலாம். இல்லன்னா இதை மாத்தி, சர்க்கரையை அப்படித் தடால்னு இறக்காத வேற மாத்திரை தரலாம். ரெண்டுலயும் நல்லதும் உண்டு, தொல்லையும் உண்டு." இரண்டையும் விளக்கிச் சொன்னார். "ஆனா சோத்தை விட்டும் ஏன் ஏறுதுன்னு எனக்கே புரியல. பழைய மாத்திரையையே அளவா போட்டுக்கிட்டுப் பத்து நாள் பொறுக்கலாம், ஆபத்து இல்லை. வீட்டுலயே சர்க்கரை பார்க்கற மெஷின் வாங்கி, சாப்பிடறதுக்கு முன்னாடியும், சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சும் பார்த்து எழுதுங்க. இதுல எந்த வழின்னு நீங்க சொல்லுங்க."

நீங்க சொல்லுங்க என்று எந்த டாக்டரும் அவனிடம் சொன்னதே இல்லை. வேதாச்சலத்துக்கு அரை அங்குலம் உயரம் கூடிவிட்டது. "பத்து நாளு பாக்கறேம்மா. அப்பறம் மாத்திரய பத்தி சொல்றேன்."

மெஷின் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து வீடு கிரிக்கெட் மைதானமாகிவிட்டது. வேதாச்சலம் விரலில் ஊசியைக் குத்துவான். அவன் பெண்டாட்டி தனபாக்கியம் கரண்டியும் கையுமாக ஓடிவந்து பக்கத்தில் நிற்பாள். மெஷின் ஐந்து, நான்கு, மூன்று என்று எண்ணும். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள்.

"கேவுரு அடைக்கு நூத்தித் தொண்ணூறு!"

"மூணு துன்ன இல்ல? ரெண்டோட எழுந்திருச்சிருந்தா கொறஞ்சிருக்கும் மாமா."

முதல் இரண்டு நாளும் காலைப் பலகாரத்தோடு நின்றது, மூன்றாம் நாள் மத்தியானம்தான் களிக்கு முறை வந்தது. வேர்க்கடலைச் சட்னியோடு இரண்டு உருண்டை, ஒவ்வொன்றும் தேங்காய் பருமன். உடம்புக்கு நல்லது என்று ஊரே சொல்லும் களி. தைரியமாகக் குத்தினான்.

இருநூற்றுத் தொண்ணூற்றொன்று.

"மெஷின் பூட்ச்சி," என்றான் வேதாச்சலம். வேறு விரலில் குத்தினான். இருநூற்று எண்பத்தெட்டு.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்குக் களி கிண்டுகிற நேரத்தில், கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவன் அடுப்பங்கரைக்குள் போய் நின்றான். உலை கொதித்தது. தனபாக்கியம் மூலையில் இருந்த ஒரு மூட்டையைப் பிரித்து, ஆழாக்கால் எதையோ மொண்டு கொட்டினாள். வெள்ளை வெளேரென்று விழுந்தது.

"இன்னா அது?"

"நொய்யி."

"நொய்யின்னா?"

"இன்னா மாமா, புதுசா கேக்கற? நொய்யிதான். ஒரு ஆழாக்கு நொய்யி, அது கொழைய வெந்தப்பறம் ஒரு ஆழாக்கு கேவுரு மாவு. இது இல்லாம களி எப்டி உருண்ட புடிக்கும்?"

"நொய்யி எதுலேந்து வருது பாக்கியம்?"

"மில்லுலேந்து."

"மில்லுல எதுலேந்து வருது?"

தனபாக்கியம் துடுப்பைப் பிடித்தபடியே நின்றாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது, அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். வேதாச்சலத்துக்கு முதலில் கோபம், அடுத்து வெட்கம், கடைசியில் அவனும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவளை மட்டும் என்ன சொல்வது? களியில் நொய் உண்டென்று அவனுக்குத் தெரியாதா? அரிசி உடைந்த குருணைதான் நொய்; ஆனால் நெல் விளைகிற வீட்டில் அது கோழிக்குப் போடுவது, கஞ்சிக்குப் போடுவது, களிக்குப் போடுவது. அதை அரிசி என்ற கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. நாற்பத்தெட்டு நாளாக வேன் ஸ்டாண்டே மெச்சும்படி அரிசியை விட்டவன், தினம் தவறாமல் அரிசியைத்தான் தின்றிருக்கிறான்!

அதற்குப் பிறகு ஆட்டம் சூடு பிடித்தது. நொய் இல்லாமல் களி கிண்டியதில் முதல் நாள் கட்டி தட்டியது, இரண்டாம் நாள் கூழாக ஓடியது, மூன்றாம் நாள் உருண்டை பிடித்தது. இரண்டு உருண்டைக்கு இருநூற்று முப்பத்தாறு. களியே என்றாலும் அளவு மீறினால் விடாது என்று தெரிந்தது. ஒரே உருண்டை, அதுவும் எலுமிச்சை பருமனைவிடக் கொஞ்சம் பெரிதாக, கூடவே கிண்ணம் நிறையக் கீரை: நூற்று எண்பத்தேழு. அதையே தின்றுவிட்டு இருபது நிமிஷம் நடந்தால்?

"நூத்தி அறுபத்தி நாலு!" என்று தனபாக்கியம் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

பத்தாம் நாள் நோட்டோடு போனான். டாக்டர் பக்கம் பக்கமாகப் புரட்டி, நொய்க் கதையையும் கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். வேதாச்சலம் இரண்டு நாள் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னான். "சாப்பாட்ட நான் பாத்துக்கறேம்மா. ஆனா சாப்பாடு மட்டும் போதாதுன்னு நோட்டே சொல்லுது. அந்த வேற மாத்திரய குடுங்க. வண்டி ஓட்றவனுக்கு அதான் செரி."

டாக்டர் மாத்திரையை மாற்றி எழுதினார்.

சவிதிக்கு இரண்டு நாள் முன்பு ரிப்போர்ட் வந்தது. ஏழு புள்ளி ஒன்று! வேதாச்சலம் அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஸ்டாண்டு முழுக்க ஓடினான். பவன்குமார் அவனைத் தூக்கியே விட்டான். ஹரிபாபு மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இரண்டு முறை படித்துவிட்டு மேஜை மேல் சாவியைத் தள்ளினார். "ரேப்பு, நாளைக்குக் காலைல, அஞ்சு மணி டிரிப்பு நீதே. போய் வா."

பூவும் கால் கிலோ கறியும் வாங்கிக்கொண்டு சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தான். ரிப்போர்ட்டைப் பார்த்த தனபாக்கியத்துக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷம் தலைக்கேறிய வேதாச்சலம் மெஷினை எடுத்தான். "வா பாக்கியம், ஒன்னையும் ஒரு தபா பாத்துடலாம்."

"ஒனக்குத்தான சக்கர, எனக்கு இன்னாத்துக்கு?"

"சும்மா வெளாட்டுக்கு!" என்று விரலைப் பிடித்துக் குத்தினான். ஐந்து, நான்கு, மூன்று.

இருநூற்று எழுபத்து நான்கு.

அவன் சிரிப்பு நின்றது. கையைக் கழுவி வரச் சொல்லி மறுபடி குத்தினான். இருநூற்று அறுபத்தொன்பது. மத்தியானம் சாப்பிட்டு நாலு மணி நேரம் ஆகியிருந்தது.

"பாக்கியம்," என்றான் மெதுவாக, "அந்த மூட்ட நொய்யி கீதே, அது இன்னா ஆச்சி?"

"இன்னா ஆவும்? ஒனக்குத் தனியா கிண்டிட்டு எனக்கு அதுல கிண்டிக்கறேன். அரை மூட்ட கீதே மாமா, தூக்கியா போடுவாங்க?"

மூன்று மாதமாக அவன் விரலையே இருவரும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். இவளுக்கு எத்தனை வருஷமாக இருக்கிறதோ, யாருக்குத் தெரியும்? அவனுக்கு அவன் மேலேயே வெறுப்பாக வந்தது. எழுந்து போய் ஹரிபாபுவுக்குப் போன் போட்டான். "அஞ்சு மணி டிரிப்ப பவனுக்குக் குடுங்க சார். நாளைக்குக் காலைல வூட்டுக்காரிய டாக்டராண்ட இட்டுக்கினு போவணும்."

"அய்யய்யோ! நாலு மாசமா அதுக்குத்தான பாடுபட்ட!" என்று தனபாக்கியம் கையைப் பிடித்து இழுத்தாள்.

"மல எங்கயும் ஓடிடாது. டாக்டரம்மா எல்லா வழியும் சொல்லுவாங்க. எது வேணும்னு நீதான் சொல்லணும், நான் சொல்ல மாட்டேன். செரியா?"

அவள் தலையாட்டினாள். பயந்திருந்தாள். வேதாச்சலம் நோட்டில் புதுப் பக்கம் திருப்பி மேலே அவள் பெயரை எழுதினான், அதன் கீழே 269 என்று போட்டான்.

"மத்தியானம் எவ்ளோ துன்ன?"

இந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை. தனபாக்கியம் நிதானமாக யோசித்தாள்.

"ரெண்டு உருண்ட," என்றாள். அவன் எழுதப் போகையில் கையைத் தடுத்தாள். "இல்ல மாமா, ரெண்டர. சட்டியச் சொரண்டித் துன்னதயும் போடு."