வெந்நீர் வந்த குழாய்

சமையலறைக் குழாயில் வெந்நீர் வந்த விஷயம் முதலில் பேருந்து ஓட்டுநருக்குத்தான் தெரிந்தது. வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் பாட்டிலை நிரப்பிக்கொண்டு போனவர், முதல் நிறுத்தத்தில் ஒரு வாய் குடித்துவிட்டு ஜன்னல் வழியாகத் துப்பினார். நடத்துனர், "உடம்பு சரியில்லையாண்ணே?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அவள் நம்பவில்லை. மறுநாள் காலை கீரை கழுவப் போனவள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். அந்தக் குழாய்க்கும் கீசருக்கும் சம்பந்தமே கிடையாது. கீசர் குளியலறையில், அங்கே மட்டும்தான் சுடுதண்ணீர்க் குழாய்.

அப்போது அவளுடைய தம்பி அங்கே தங்கியிருந்தான். இந்த ஊருக்கு மாற்றலாகி, வீடு கிடைக்கும்வரை என்று வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. டயர் கடையில் விற்பனையாளன். ஆனால் உலகத்தில் அவனுக்குத் தெரியாத விஷயம் இல்லை என்பதால், ஓட்டுநர் அவனுக்கு 'நிபுணர்' என்று பெயர் வைத்திருந்தார்.

"மாமா, இது ரொம்ப சிம்பிள். மொட்டைமாடித் தொட்டியில வெயில் படுது" என்றான் நிபுணர்.

"நாலு நாளா மழை. சூரியன் எங்க இருக்குன்னு உனக்காவது தெரியுமா?"

நிபுணர் விடவில்லை. குடை பிடித்துக்கொண்டு மாடிக்கு ஏறி, தோள்வரை கையைத் தொட்டிக்குள் விட்டுப் பார்த்தான். பல் கிட்டித்துப் போய் இறங்கி வந்தான்.

அடுத்து, அடுப்புக்குப் பின்னால் போகும் குழாய் சூடாகிறது என்றான். அதை நிரூபிக்க ஒரு காலை முழுக்க அடுப்புப் பற்றவைக்கக் கூடாது என்று தடை போட்டான். எல்லோரும் வெறும் வயிற்றோடு காத்திருக்க, குழாயில் வெந்நீர் ஜம்மென்று வந்தது.

"அப்போ பூமிக்கடியில வெந்நீர் ஊத்து இருக்கும்."

"மூணாவது மாடிக்கா?" என்றார் ஓட்டுநர்.

பசியில் இருந்த அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. "ரெண்டு பேரும் கொஞ்சம் வாயை மூடுங்க" என்று சொல்லிவிட்டு பிளம்பருக்கு போன் செய்தாள்.

வந்தவர் ஐம்பது வயதுப் பெண்மணி. தோளில் பை, காதில் பென்சில். மூவரும் ஒரே நேரத்தில் பேசியதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சமையலறைக் குழாயைத் திறந்து கையை நீட்டினார். முதலில் ஜில்லென்று வந்தது, பிறகு சுட்டது. நேராகக் குளியலறைக்குப் போய் கீசருக்குத் தண்ணீர் போகும் வால்வை மூடினார். "இப்ப பாருங்கம்மா."

"ஜில்லுனு வருது!" என்று அக்கா கத்தினாள்.

"அப்ப கீசர் தண்ணிதான். பச்சைத்தண்ணி லைனோட எங்கயோ கை கோத்துக்கிட்டிருக்கு. வீட்டுல புதுசா எதாவது மாட்டினீங்களா?"

"நான் வாங்கிக் கொடுத்த ஹேண்ட் ஷவர்தான் புதுசு" என்றான் நிபுணர் பெருமையாக. "அக்காவுக்கு என் பரிசு. கைப்பிடியிலயே பட்டன் இருக்கு. சோப்பு போடும்போது அழுத்தினா தண்ணி நின்னுடும்."

"குளிச்சு முடிச்சதும்?"

"அதேதான். பட்டனை அழுத்திட்டு வந்துடுவேன். சூடும் பச்சையும் சரியா கலக்க எனக்குப் பத்து நிமிஷம் ஆகுது. அதை எதுக்குக் கலைக்கணும்?"

பிளம்பர் அவனைக் கைபிடித்துக் குளியலறைக்கு அழைத்துப் போகாத குறைதான். ஷவரில் ஒரு சொட்டு ஒழுகவில்லை. கீழே சுடுதண்ணீருக்கும் பச்சைத்தண்ணீருக்கும் உள்ள இரண்டு திருகுகளும் திறந்தே கிடந்தன.

"வாயை மட்டும் அடைச்சா போதுமா தம்பி? உள்ள ரெண்டு தண்ணியும் ஒண்ணாத்தானே இருக்கு. அங்க சமையல்கட்டுல குழாயைத் திறந்தா, சுடுதண்ணி இது வழியா பச்சைத்தண்ணி லைனுக்குள்ள ஓடிப்போகுது."

இரண்டு திருகுகளையும் இறுக மூடி, கீசர் வால்வைத் திறந்தார். சமையலறையில் தண்ணீர் ஜில்லென்றே வந்தது. ஓட்டுநர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

நிபுணர் அன்று மதியம் யாருக்கும் எந்த விளக்கமும் தரவில்லை. அக்காவுக்கே பாவமாக இருந்தது. "ஷவர் நல்லாத்தான் இருக்குடா" என்றாள்.

மறுநாள் காலை குளியலறைக் கதவு திறந்தது. தலையில் துண்டோடு நின்று, பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்படி அவன் அறிவித்தான்:

"ரெண்டையும் மூடிட்டேன்! வேணும்னா வந்து பாத்துக்கங்க!"